ஆளுக்கு ரெண்டு ஓட்டு

நியூசிலாந்துக்கு வந்த புதிதில் என்னால் நம்பவே முடியாத விஷயம், இங்கே ஓட்டுப் போடக் குடியுரிமை தேவையில்லை என்பது. ரெசிடன்ட் விசா கையில் இருந்து, தொடர்ச்சியாக ஒரு வருடம் நாட்டில் வசித்திருந்தால் போதும். 18 வயதானவர் வாக்காளர் பட்டியலில் பெயரைப் பதிந்தே ஆக வேண்டும், அது சட்டம். ஓட்டுப் போடுவது மட்டும் அவரவர் இஷ்டம். இந்தியா இரட்டைக் குடியுரிமை தராததால் பழைய பாஸ்போர்ட்டை விட மனசில்லாமல் வருடக்கணக்கில் இழுத்தடிக்கும் என் போன்றவர்களுக்கு இது பெரிய சலுகை. வேட்பாளராக நிற்பதற்குத்தான் குடியுரிமை வேண்டும். அந்த ஆசை நமக்கு இல்லை.

2023 அக்டோபர் தேர்தல் சமயத்தில் ஆக்லாந்து முழுக்க வேலிகளில் கட்சிப் பலகைகள். இங்கே ஆளுக்கு ரெண்டு ஓட்டு, ஒன்று கட்சிக்கு, இன்னொன்று தொகுதி வேட்பாளருக்கு. எல்லாவற்றிலும் வேட்பாளர் முகத்தோடு சேர்த்து, "கட்சி வாக்கை எங்களுக்குப் போடுங்கள்" என்று ஒரு வரி. பசுமைக் கட்சிக்காரர்கள் பல தொகுதிகளில் வேட்பாளரைப் பற்றி அதிகம் அலட்டிக்கொள்வதே இல்லை, கட்சி வாக்கு கிடைத்தால் போதும் என்கிறார்கள். வேட்பாளர் யார், எந்த ஊர், என்ன ஆள் என்பதிலேயே பாதித் தேர்தல் முடிந்துவிடும் ஊரிலிருந்து வந்தவனுக்கு இது விசித்திரமாக இருந்தது.

பக்கத்து வீட்டு அண்ணர் யாழ்ப்பாணத்துக்காரர், என்னைவிட ரொம்ப நாள் முன்பே வந்தவர். அவரிடம் கேட்டேன். "தம்பி, கட்சிக்குப் போடுறதுதான் அரசாங்கம். ஆளுக்குப் போடுறது உங்கட ஏரியாவுக்கு. அவ்வளவுதான்" என்று முடித்துவிட்டார்.

வாக்குச்சாவடியிலும் ஆரவாரமே கிடையாது. தேர்தல் நாளுக்குப் பன்னிரண்டு நாள் முன்பே நூலகம், தேவாலயம், ஷாப்பிங் மால் என்று பல இடங்களில் திறந்துவிடுகிறார்கள். அடையாள அட்டை கேட்பதில்லை, விரலில் மை இல்லை. தேர்தல் நாளன்று பிரசாரமே கூடாது, பலகைகளை முந்தின இரவுக்குள் கழற்றியிருக்க வேண்டும். கொடுக்கிற தாள் ஒன்றுதான், அதில் இரண்டு பத்திகள். இடது பக்கம் கட்சிகள், வலது பக்கம் நம் தொகுதி வேட்பாளர்கள். பக்கத்துக்கு ஒரு டிக். ஒரே கட்சிக்கு இரண்டையும் போடலாம், பிரித்தும் போடலாம்.

எங்கள் தொகுதி மவுன்ட் ஆல்பர்ட். பிரதமர்களாக இருந்த ஹெலன் கிளார்க்கும், அப்புறம் ஜசிண்டா ஆர்டெர்னும் கையில் வைத்திருந்த தொழிற்கட்சிக் கோட்டை. 2023இல் அங்கே தொழிற்கட்சியின் ஹெலன் வைட் ஜெயித்தது 20 ஓட்டு வித்தியாசத்தில். தேசியக் கட்சியின் மெலிசா லீ மறு எண்ணிக்கை கேட்டார், வித்தியாசம் 18 ஆனது. பதினெட்டு! நம்மூரில் என்றால் எண்ணும் மையத்து வாசலில் போலீஸ் குவிந்திருக்கும். இங்கே என்ன ஆனது தெரியுமா? தோற்ற மெலிசா லீயும் கட்சிப் பட்டியல் (கட்சி முன்கூட்டியே வரிசைப்படுத்தி அறிவிக்கும் ஆட்களின் பட்டியல்) வழியாகப் பாராளுமன்றத்துக்குள் போனார், மந்திரியும் ஆனார். அந்தப் பதினெட்டு ஓட்டு அப்படியே அவர் பக்கம் திரும்பியிருந்தாலும் தேசியக் கட்சியின் மொத்த இடம் ஒன்றுகூடக் கூடியிருக்காது. தொகுதி எம்.பி. ஒன்று கூடும், பட்டியல் எம்.பி. ஒன்று குறையும், அவ்வளவுதான்.

அன்றைக்குத்தான் கணக்கு எனக்கு உறைத்தது. பாராளுமன்றத்தில் 120 இடம். 2023இல் அதில் 72 தொகுதி இடங்கள், பூர்வகுடிகளான மாவோரிகளுக்கான 7 தொகுதிகளும் சேர்த்து. மீதி பட்டியல். ஒரு கட்சிக்கு மொத்தம் எத்தனை இடம் என்பதைக் கட்சி வாக்கு மட்டும்தான் முடிவு செய்கிறது. ஒவ்வொரு கட்சியின் வாக்கையும் 1, 3, 5, 7 என்று வகுத்துக்கொண்டே போய், வருகிற எண்களில் பெரிய 120ஐ எடுத்து இடம் ஒதுக்குகிறார்கள். பசுமைக் கட்சிக்கு 11.6 சதவீதம், அதனால் 15 இடம். தொகுதியில் ஜெயித்தது 3, ஆகவே பட்டியலில் மேலிருந்து 12 பேர். நியூசிலாந்து ஃபர்ஸ்ட் கட்சி ஒரு தொகுதியும் ஜெயிக்காமல் 6 சதவீதத்துக்கு 8 இடம் வாங்கியது. ஆக்ட் கட்சி 8.6 சதவீதத்துக்கு 11. தமிழ்நாட்டில் 2024 மக்களவைத் தேர்தலில் நாம் தமிழர் கட்சியும் 8 சதவீதத்துக்கு மேல்தான் வாங்கியது, இடம் பூஜ்யம். பாதிக்கும் குறைவான வாக்கோடு திமுக கூட்டணி 39க்கு 39. யார் பக்கம் நாம் இருந்தாலும் இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கொஞ்சம் யோசிக்கத்தான் தோன்றுகிறது.

இவர்களும் ஒரு காலத்தில் நம்மைப் போலத்தான் இருந்தார்கள். 1978லும் 1981லும் தொழிற்கட்சிக்கு ஓட்டு அதிகம், ஆட்சி தேசியக் கட்சிக்கு. 1981இல் சோஷியல் கிரெடிட் என்ற கட்சி 20 சதவீதத்துக்கு மேல் வாங்கி இரண்டே இடம் பெற்றது. ஜனங்கள் கடுப்பானார்கள். 1986இல் அரச ஆணைக்குழு ஜெர்மனி வழக்கத்தைப் பரிந்துரைத்தது, 1993 வாக்கெடுப்பில் சுமார் 54 சதவீதம் பேர் சரி என்றார்கள், 1996 முதல் இந்த முறை.

குறை இல்லாமல் இல்லை. கட்சி வாக்கு 5 சதவீதம் தொட வேண்டும், அல்லது ஒரு தொகுதியாவது ஜெயிக்க வேண்டும், இல்லாவிட்டால் பட்டியல் இடம் கிடையாது. இந்த "அல்லது"தான் வில்லங்கம். 2008இல் நியூசிலாந்து ஃபர்ஸ்டுக்கு 4.07 சதவீதம், வெளியே. ஆக்டுக்கு 3.65 சதவீதம்தான், ஆனால் எப்சம் தொகுதியை ஜெயித்ததால் 5 இடம். 2011இல் தேசியக் கட்சிப் பிரதமர் ஜான் கீ, எப்சமில் நின்ற ஆக்ட் வேட்பாளர் ஜான் பேங்க்ஸோடு நியூமார்க்கெட் காபிக் கடையில் கேமராக்கள் முன் உட்கார்ந்து டீ குடித்தார். இவருக்குத் தொகுதி ஓட்டைப் போடுங்கள் என்று தன் கட்சிக்காரர்களுக்குச் சைகை. மேஜையில் இருந்த ஒலிப்பதிவுக் கருவியில் அவர்கள் பேச்சு பதிவாகி, போலீஸ் வரை போனது தனிக் கதை. சுயாதீன மறுஆய்வுக் குழு வரம்பை 3.5 சதவீதமாகக் குறைத்து, ஒரு தொகுதிச் சலுகையை எடுத்துவிடச் சொன்னது. எனக்கும் அதுதான் நியாயமாகப் படுகிறது. பெரிய கட்சிகளுக்கு அவசரமில்லை.

கூட்டணியும் இங்கே தலைகீழ். நம்மூரில் தொகுதிப் பங்கீடு முடிந்துதான் தேர்தல். இங்கே தேர்தல் முடிந்துதான் பேரமே தொடங்கும். 2017இல் தேசியக் கட்சிக்கு 56, தொழிற்கட்சிக்கு 46. ஒன்பது இடத்தோடு நடுவில் இருந்த நியூசிலாந்து ஃபர்ஸ்ட் தலைவர் வின்ஸ்டன் பீட்டர்ஸ் கிட்டத்தட்ட நான்கு வாரம் கழித்துத் தொழிற்கட்சியைத் தேர்ந்தெடுத்தார், ஆர்டெர்ன் பிரதமர் ஆனார். 2023இல் அதே பீட்டர்ஸ் தேசியக் கட்சிப் பக்கம், ஆறு வாரம் காத்திருந்தோம். அதற்குள் தே பாட்டி மாவோரி என்ற மாவோரிக் கட்சி தன் வாக்குக்குரிய 4 இடத்தைத் தாண்டி 6 தொகுதி ஜெயித்திருந்ததால் சபையே பெருத்துப் போனது. ஒரு வேட்பாளர் இறந்து தள்ளிப்போன தொகுதியின் இடைத்தேர்தலும் சேர்ந்து 123 பேர்.

பட்டியல் எம்.பி. விலகினால் இடைத்தேர்தலும் இல்லை. இலங்கையில் பிறந்த வனுஷி வால்டர்ஸ் 2020இல் அப்பர் ஹார்பர் தொகுதியில் ஜெயித்து, 2023இல் தோற்றவர். 2025இல் தொழிற்கட்சியின் டேவிட் பார்க்கர் விலகியதும் பட்டியலில் அடுத்து இருந்த அவர் மறுபடி உள்ளே வந்தார். "தோத்த ஆள் எப்படிண்ணா வர முடியும்?" என்று நான் கேட்டதும் அண்ணர் சிரித்துவிட்டார். "எங்களுக்கு இலங்கையில தேசியப் பட்டியல் பழகின சாமான் தம்பி. அங்க தோத்தவனையும் தேர்தல் முடிஞ்ச பிறகு கட்சி யோசிச்சுப் போடும். இங்க ஆர் எத்தினையாவது ஆள் எண்டு முதலே அறிவிச்சுப்போடுறாங்கள். பிடிக்காட்டி கட்சி வாக்கைப் போடாமல் விடலாம்."