தண்ணி நின்னப்புறம்தான் சீன எழுத்து புரிஞ்சுது

சீனாவுல இருக்கற சுசோ ஊருக்கு வந்து ஒரு வருசம் ஆயிருந்தப்போ எனக்கு ஒரு 200 சீன எழுத்தாவது தெரியும்னு ஒரு நெனப்பு. ஒருநாள் காலைல தலை முழுக்க ஷாம்பு, குழாய்ல தண்ணி நின்னுபோச்சு. பக்கத்து வீட்டுப் பாட்டி ஒரு வாளி தண்ணி கொடுத்துட்டு, லிஃப்ட் பக்கத்துல ஒட்டியிருந்துச்சே பாக்கலையான்னு கேக்குறாங்க. பாத்தேன் பாட்டி, நேத்தே பாத்தேன், யாரோ அவசரமா எழுதினது, மருந்துச் சீட்டு மாதிரி இருந்துச்சு. "மிங் தியென் திங் ஷுய்", நாளைக்கு தண்ணி வராது. நாலே எழுத்து, நாலும் எனக்குத் தெரிஞ்சது, புக்குல அச்சுல இருந்தா தூக்கத்துல எழுப்பினாலும் படிப்பேன்.

அந்த வீட்டுப் பேரன் ஒண்ணாங்கிளாஸ். என்னை "ஆயி"ன்னுதான் கூப்பிடுவான், அவங்களுக்கு அது ஆன்ட்டி, நம்ம பக்கம் ஆயின்னா யாருன்னு தெரியும்ல, முதல் தடவ கேட்டப்போ சிரிச்சுட்டேன். அன்னிக்கு சாயந்திரம் என் நோட்டைப் பாத்துட்டு அவன் சிரிச்சான். வாய்னு ஒரு எழுத்து, சின்ன சதுரம், நான் பேனாவே எடுக்காம ஒரே சுத்துல போட்டிருக்கேன். அது 3 கோடு: இடது பக்கம் கீழ, அப்புறம் மேல போய் வலது பக்கம் மடங்கிக் கீழ ஒண்ணு, கடைசில அடிக்கோடு. நமக்கு அ, ஆ எல்லாம் சுழிச்சு சுழிச்சு எழுதின கை, சதுரத்தையும் சுழிக்கத்தான் செய்யும்.

மறுநாள் கட்டம் போட்ட நோட்டு வாங்கினேன். அந்தக் கட்டமே வயலுக்கான எழுத்து மாதிரி நாலா பிரிஞ்சிருக்கும், பேரே அதான். படுத்த கோடு ஹெங், நிமிந்தது ஷு, இடது பக்கம் சாஞ்சு இறங்கினா பியே, வலது பக்கம்னா நா. பையன் இதைச் சத்தமா சொல்லிட்டே எழுதுவான், நானும் கூடவே சொல்லுவேன், பாட்டிக்கு ஒரே வேடிக்கை.

மேல இருந்து கீழ, இடமிருந்து வலம், இதெல்லாம் ஒரு வாரத்துல வந்துடும். நாடுன்ற எழுத்துல மட்டும் வெளிப்பெட்டி மூணு பக்கம் போட்டு, உள்ள இருக்கறத எழுதி, அப்புறம்தான் அடியை மூடணும், "ஆளு உள்ள போனப்புறம் கதவைச் சாத்து"ன்னு டீச்சர் சொல்லிக்கொடுத்தாங்களாம், அது மறக்கவே இல்ல. என்னைப் படுத்தினது தண்ணியும் நெருப்பும். ரெண்டும் 4 கோடுதான், தண்ணில நடுக்கோடு முதல்ல அப்புறம் ரெண்டு பக்கமும், நெருப்புல ரெண்டு பக்கப் பொட்டு முதல்ல அப்புறம்தான் நடு. ஒரு மாசம் ரெண்டையும் மாத்தி மாத்திப் போட்டேன்.

நடுவுல ஒரு கூத்து வேற. வீடியோ பாத்து தனியா பழகுறேன்னு உக்காந்து, வயல்ன்ற எழுத்துக்கு உள்ள நிமிந்த கோட்டை முதல்ல போட்டேன், பையன் தப்புங்கறான், நான் வீடியோவைக் காட்டுறேன், பாத்தா அது ஜப்பான் வீடியோ. அதே எழுத்து, அங்க நிமிந்தது முதல்ல, இங்க படுத்தது முதல்ல.

மூணாவது மாசம் இருக்கும், திரும்ப லிஃப்ட் பக்கத்துல ஒரு சீட்டு, அதே கிறுக்கல். இந்தத் தடவ படிச்சேன். வேகமா எழுதறவங்க பேனாவ தூக்காம இழுத்துட்டுப் போறாங்க, ஒரு கோடு முடிஞ்ச இடத்துல இருந்து அடுத்த கோடு ஆரம்பிக்கிற இடத்துக்கு. வரிசை தெரிஞ்சா அந்த இழுப்பு எங்க போகுதுன்னு கண்ணு கூடவே போயிடும். சில எழுத்துக்கு இடப்பக்கம் தண்ணிக்கு அடையாளமா மூணு பொட்டு வரும், அதுல கடைசிப் பொட்டு கீழ இருந்து மேல ஏன் ஏறுதுன்னு அப்பதான் புரிஞ்சுது, கை அடுத்து வலது பக்கம் போகணும்ல! நான் அதையும் மேல இருந்து கீழ இழுத்துட்டு இருந்தேன்.

பையனோட அம்மா எல்லாத்தையும் ஃபோன்ல பின்யின்ல, அதாவது சீன உச்சரிப்பை இங்கிலீஷ் எழுத்துல, தட்டறவங்க, பேனா எடுத்தா அவங்களே சில எழுத்துல நின்னுடுவாங்க. பேனா எடுத்தா எழுத்து மறந்துபோகுதுன்னு சீனத்துல சொல்வழக்கே இருக்கு, கேட்டதும் மனசுக்கு ஒரு ஆறுதல்.

"பி"ன்னு ஒரு எழுத்து, கட்டாயம்னு அர்த்தம், அது மட்டும் இன்னும் கைக்கு வரல. 5 கோடு, மனசுன்ற எழுத்துக்கு நடுவுல ஒரு சாய்கோடு. மனசை முழுசா எழுதிட்டு குறுக்க ஒரு கோடு போடத்தான் கை போகுது, ஆனா சாய்கோடு 4வது, வலப்பக்கப் பொட்டுதான் கடைசி. அதை எழுதும்போது மட்டும் அந்தப் பையன் பக்கத்துல இருக்கானான்னு ஒரு தடவ பாத்துக்கறேன்.