இறக்கிய போலோவில் 205 டயர்: உரசாமல் உட்கார வைத்த கதை

என் கார் 2014 ஃபோக்ஸ்வேகன் போலோ ஜிடி டிஎஸ்ஐ. ஸ்பிரிங் மாற்றி 30 மி.மீ. இறக்கியிருக்கிறேன். கம்பெனியில் வந்த 185/60 ஆர்15 டயர் தேய்ந்ததும் 16 இன்ச் வீலும் 205/50 டயரும் போட நினைத்தேன். தோற்றத்துக்காக இல்லை. நாகர்கோவிலில் இருந்து தக்கலை, மார்த்தாண்டம் வழியாகக் களியக்காவிளை போகிறவர்களுக்கு அந்தச் சாலையின் வளைவுகள் தெரியும். நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் மழையும் இரண்டு பருவத்திலும் பெய்யும். ஈரத்தில் முன் டயர் பிடி விட்டு நழுவும்போது வயிறு கலங்கும்.

ஆனால் இறக்கிய காரில் அகலமான டயர் உடம்பில் உரசலாம். அதனால் வாங்கும் முன்னால் பேப்பரில் கணக்குப் போட்டேன். பழைய டயரின் விட்டம் 603 மி.மீ., புதியது 611. அதாவது ஃபெண்டரின் (வீலுக்கு மேலே வளையும் தகடு) மேல்பக்கம் வெறும் 4 மி.மீ.தான் நெருங்குகிறது. ஸ்பீடோமீட்டர் வித்தியாசமும் ஒன்றரை சதவீதத்துக்குள். டயர் அளவின் முதல் எண்ணான அகலம்தான் விஷயம். 20 மி.மீ. கூடினால் உள்ளே 10, வெளியே 10. நான் பார்த்து வைத்த 7 இன்ச் வீலின் ஆஃப்செட் (வீலின் நடுக்கோட்டுக்கும் அது காரில் பொருந்தும் முகத்துக்கும் உள்ள தூரம்) பழையதைவிட 3 மி.மீ. குறைவு. ஆஃப்செட் குறைந்தால் வீல் வெளியே தள்ளும். ஆக உள்ளே 7, வெளியே 13. இந்த இரண்டு எண்கள் கையில் இருந்தால் கடையில் யார் என்ன சொன்னாலும் குழப்பம் வராது. "215 போடுங்க, ஸ்பேசர் வெச்சா எல்லாம் சரியாகும்" என்றுதான் ஒரு கடையில் சொன்னார்கள். ஸ்பேசர் என்பது வீலுக்குப் பின்னால் வைக்கும் வட்டத் துண்டு, அது டயரை இன்னும் வெளியே தள்ளும். என் காரில் இடம் இல்லாததே வெளிப்பக்கம்தான். வேண்டாம் என்று வந்துவிட்டேன்.

குலசேகரத்தில் இருக்கும் நண்பர் ஒருவரிடம் இதே அளவில் வீலும் டயரும் இருந்தது. அதை இரவல் வாங்கி மாட்டிப் பார்த்த பிறகுதான் பணம் கொடுத்து வாங்கினேன். இது முடிகிறவர்கள் அவசியம் செய்யுங்கள்.

முன்பக்கம் சுலபம். ஒரு பக்க வீலைக் கட்டையில் ஏற்றி ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் முழுக்க ஒடித்தேன். உள்ளே ஸ்ட்ரட்டுக்கும் (ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த தூண்) டயருக்கும் நடுவில் விரல் தாராளமாக நுழைந்தது. வீல் குழியை மூடும் பிளாஸ்டிக் லைனரில், கதவுப் பக்கம் மட்டும் டயரின் தோள் பட்டது. ஹீட் கன் வைத்து இளக்கி, உள்ளே அழுத்தி, கூடுதலாக ஒரு கிளிப் போட்டதும் தீர்ந்தது. எதையும் வெட்டவில்லை.

பின்பக்கம்தான் உண்மையான வேலை. போலோவில் பின் ஸ்பிரிங் தனி, ஷாக் அப்சார்பர் தனி. காரை ஸ்டாண்டில் நிறுத்தி ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு, ஜாக்கியால் வீலை மேலே தூக்கினால் பம்ப் ஸ்டாப் (வீல் அளவுக்கு மேல் ஏறாமல் தடுக்கும் மெத்தைக் கட்டை) அமுங்கும் வரை டயர் எங்கெல்லாம் போகிறது என்று கண்ணால் பார்க்கலாம். ஃபெண்டரின் உள் மடிப்பில் சாக்பீஸைப் பூசி வைத்தேன். டயர் பட்ட இடத்தில் அது அழிந்திருந்தது. இரண்டு இடம்: மடிப்பின் உச்சி, அப்புறம் பம்பரும் ஃபெண்டரும் சேரும் மூலையில் துருத்திக்கொண்டிருந்த ஸ்க்ரூ. அந்த ஸ்க்ரூ ஒன்றே டயரைக் கிழிக்கப் போதும். அதைத் தலை தட்டையான ஸ்க்ரூவாக மாற்றினேன்.

மடிப்பை உருட்டி மடக்க ரோலர் வேண்டும். வடசேரியில் ஒரு டிங்கரிங் அண்ணனிடம் போனேன். "மடக்கிரலாம் மக்கா, ஆனா சுத்தியல் எடுக்கக்கூடாது" என்றார். அந்த ஒரு வார்த்தையில் எனக்கு நம்பிக்கை வந்தது. பெயிண்டைத் தொட்டால் கை சுடுகிற அளவுக்குச் சூடாக்கி, ரோலரை மெதுவாக, ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கொஞ்சமாக அழுத்தினார். அவசரப்பட்டால் பெயிண்ட் வெடித்துவிடும். அதுவும் நம் ஊரில் சும்மா விடாது. முட்டம், குளச்சல் பக்கம் கடற்காற்றில் நிற்கிற காரில் ஒரு மயிரிழை வெடிப்பு கிடைத்தால் உப்பு உள்ளே இறங்கித் துருவாகிவிடும். அதனால் மடக்கிய விளிம்பு முழுக்க சீலர் போட்டு, மேலே அண்டர்பாடி கோட்டிங்கும் அடித்தோம். இதை யார் தவிர்த்தாலும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

பம்ப் ஸ்டாப்புக்கு மேலே பேக்கர் என்ற சிறு தடிப்புத் துண்டும் வைத்தேன். முழு லோடில் வீல் ஏறும் தூரத்தை அது சற்றுக் குறைக்கும். கொஞ்சம் முரடாக இருக்கும், ஆனால் டயர் பிழைக்கும்.

வீல் மாட்டும்போது பலர் கவனிக்காதது போல்ட். ஃபோக்ஸ்வேகனின் சொந்த வீலுக்கு வரும் போல்ட்டின் அடிப்பாகம் உருண்டையாக இருக்கும். வெளியே வாங்கும் வீல்களில் பெரும்பாலானவற்றுக்குக் கூம்பு வடிவம் வேண்டும். பழையதையே போட்டால் முறுக்கியது போலத் தெரியும், ஆனால் சரியாக உட்காராது. புது போல்ட் வாங்கினேன். வீல் உட்காரும் ஹப்பின் விட்டம் 57.1 மி.மீ., வீலின் நடுத்துளை இடைவெளியை நிரப்ப அதற்கேற்ற ரிங்கும் வாங்கினேன். முறுக்கம் 120 நியூட்டன் மீட்டர். கொஞ்ச தூரம் ஓட்டியபின் மறுபடி சரிபார்த்தேன். டயரின் லோடு எண்ணையும் பாருங்கள்: பழையது 84, அதாவது ஒரு டயருக்கு 500 கிலோ. புதியது 87, 545 கிலோ. குறையக்கூடாது என்பதுதான் முக்கியம்.

பிறகு அலைன்மெண்ட். முன்னால் டோ (வீல்கள் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் கோணம்) சரி செய்தார்கள். பின்னால் இரண்டு வீலையும் இணைக்கும் ஒற்றைச் சட்டமான டார்ஷன் பீம் என்பதால் திருப்ப எதுவும் கிடையாது, அளந்து மட்டும் பார்த்தோம்.

சோதனைக்குத் தேர்ந்தெடுத்தது குலசேகரத்தில் இருந்து பேச்சிப்பாறை போகும் ரப்பர் தோட்டச் சாலை. பின் சீட்டில் அத்தை, மாமா, மச்சான். டிக்கியில் பை. மடிப்பில் மறுபடி சாக்பீஸ் பூசிவிட்டு, வேகத்தடைகளிலும் குழிகளிலும் வேண்டுமென்றே சாதாரண வேகத்தில் ஏற்றினேன். சத்தம் இல்லை. திரும்பி வந்து சாக்பீஸைப் பார்த்தால் பூசியது பூசியபடியே இருந்தது. "இதுக்கா எங்கள கூட்டிட்டு வந்த?" என்று அத்தை கேட்டார். ஆமாம், இதற்குத்தான்.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு வாகனத்தை மாற்றி அமைப்பது பற்றியது. ஸ்பிரிங்கும் டயர் அளவும் மாறியதை இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுத்தில் தெரிவித்து, பதிலைக் கார் பேப்பரோடு வைத்திருக்கிறேன். 185 டயர்களில் ஒரு ஜோடி இன்னும் முழுதாகத் தேயவில்லை, அதை வீலோடு வீட்டில் எடுத்து வைத்திருக்கிறேன். இதே கணக்கைத் தன் காருக்குப் போட நினைக்கும் யாராவது பக்கத்தில் இருந்தால் வந்து அளந்து பார்க்கலாம்.