ஒரு லிட்டர் மெழுகு ஒரு கிலோ கிடையாது

போன டிசம்பரில் ராயபுரத்தில் ஒரு ஞானஸ்நான விழாவுக்கு நாற்பது கண்ணாடி டம்ளர் மெழுகுவர்த்தி கேட்டிருந்தார்கள். கிராம்பு வாசனை. ஊற்றி, ஆறவிட்டு, ரிப்பன் எல்லாம் கட்டி வைத்தாயிற்று. மறுநாள் காலையில் பார்த்தால் மெழுகின் மேல் முத்து முத்தாக எண்ணெய் வியர்த்திருக்கிறது. விரல் வைத்தால் பிசுபிசுக்கிறது. ஒன்றைக் கொளுத்திப் பார்த்தேன், சுடர் படபடவென்று அடித்துக்கொண்டு கண்ணாடி விளிம்பெல்லாம் கரி. நாற்பதையும் சுரண்டி எடுத்துவிட்டு முதலிலிருந்து செய்தேன், இரண்டு ராத்திரி தூக்கம் இல்லை.

கணக்கு என்னவோ எளிமையானதுதான். ஒரு கிலோ மெழுகுக்கு 80 கிராம் தைலம், அதாவது 8 சதவீதம். ஆனால் நான் அண்டாவில் உருகிக் கிடந்த மெழுகை, பால்காரர் வைத்திருப்பாரே அந்த மாதிரி எவர்சில்வர் லிட்டர் அளவையால் மொண்டு, ஒரு லிட்டருக்கு 80 மில்லி என்று சிரிஞ்சில் தைலம் எடுத்து விட்டேன். லிட்டர் என்றால் கிலோ என்று மனசில் பதிந்துபோயிருந்தது. அது தண்ணீருக்கு மட்டும்தான் சரி. சூடாக உருகிய பாராஃபின் மெழுகு ஒரு லிட்டர் ஏறக்குறைய 780 கிராம்தான் வரும். கிராம்புத் தைலமோ தண்ணீரைவிடக் கனம், 80 மில்லி கிட்டத்தட்ட 84 கிராம். 780-க்கு 84 என்றால் 10.8 சதவீதம். அவ்வளவு எண்ணெயை அந்த மெழுகால் பிடித்து வைத்துக்கொள்ள முடியவில்லை, வெளியே தள்ளிவிட்டது, திரியையும் அடைத்துவிட்டது.

இதே ஆரஞ்சுத் தைலமாக இருந்திருந்தால் வேறு மாதிரி ஆகியிருக்கும். அது லேசு, 100 மில்லி பாட்டிலில் 84 கிராம் அளவுக்குத்தான் இருக்கும், கிராம்பில் 105 வரும். பாட்டிலில் மில்லி போட்டு விற்கிறார்கள், நமக்கு வேண்டியது கிராம். பாரிமுனைப் பக்கம் தைலம் வாங்கும்போதே இதைக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் ஆர்டருக்கு நடுவில் பாட்டில் தீர்ந்துவிடும்.

பள்ளிக்கூடத்தில் முகத்தல் அளவை, நிறுத்தல் அளவை என்று தனித்தனியாகப் படித்தோம் இல்லையா, மெழுகு வேலையில் அந்த வித்தியாசம் ரொம்ப முக்கியம். ஒரு படி அரிசியும் ஒரு படி அவலும் ஒரே எடையா என்ன? மெழுகை உடைத்த துண்டாக மொண்டால் இடையிடையே காற்று, துருவலாக மொண்டால் ஒரு எடை, அமுக்கி மொண்டால் இன்னொரு எடை, உருக்கி மொண்டால் சூட்டைப் பொறுத்து மாறும். மெழுகைக் கெட்டியாக்கச் சேர்க்கிற ஸ்டியரிக் ஆசிட் செதிலும் அப்படித்தான். நம்ம மணலி ரிஃபைனரியிலேயே பாராஃபின் மெழுகு தயாராகிறது, கடையில் பாளமாகக் கிலோ கணக்கில்தான் தருகிறார்கள். கிலோவில் வாங்கியதை வீட்டுக்கு வந்து டம்ளரில் அளக்க வேண்டிய அவசியமே இல்லை.

இப்போது என்னிடம் இரண்டு தராசு இருக்கிறது. மெழுகுக்குச் சமையலறை டிஜிட்டல் தராசு. தைலத்துக்கும் சாயத்துக்கும் நகை நிறுக்கிற மாதிரி சின்னது, 0.01 கிராம் வரை காட்டும். 100 கிராம் மெழுகுக்கு 8 கிராம் தைலம் என்றால் ஒரு சவரன் எடை, அதை ஒரு கிராம் முன்னே பின்னே காட்டுகிற தராசில் நிறுப்பேனா? பேட்டரி இறங்கியிருக்கிறதோ என்று சந்தேகம் வந்தால் ஒரு பத்து ரூபாய் நாணயத்தை வைத்துப் பார்ப்பேன், 7.7 கிராம் சொச்சம் வர வேண்டும். அப்புறம் ஃபேனை நிறுத்திவிட வேண்டும். எங்கள் வீட்டு ஜன்னல் கடல் பக்கம், காற்று வந்தாலே கடைசி எண் நிற்காமல் ஆடும். ஜன்னலைச் சாத்திவிட்டு, வேர்த்துக் கொட்டினாலும் பரவாயில்லை என்று, சொட்டுச் சொட்டாக விடுகிறேன். அடுப்பிலிருந்து இறக்கிய பாத்திரத்தை நேராகத் தராசில் வைக்காதீர்கள், சூட்டில் எடை தப்பாகக் காட்டும், தராசும் கெட்டுப்போகும். முதலில் ஒரு மணையை வைத்து எடையை ஜீரோவாக்குகிற டேர் பட்டனை அமுக்கிவிட்டு அதன்மேல் வையுங்கள்.

முகந்து பார்க்க வேண்டிய ஒரே பொருள் டம்ளர்தான், அதையும் தராசிலேயே பார்க்கலாம். காலி டம்ளரை வைத்து ஜீரோ செய்து, மெழுகு எதுவரை வர வேண்டுமோ அதுவரை தண்ணீர் ஊற்றுங்கள். 200 கிராம் காட்டினால் 200 மில்லி. உறைந்த பாராஃபின் மில்லிக்குச் சுமார் 0.9 கிராம், ஆக மொத்தம் 180 கிராம் பிடிக்கும். 8 சதவீதக் கணக்கில் 167 மெழுகு, 13 தைலம். சூடாக ஊற்றும்போது 180-ம் கொள்ளாது, 156 கிராமிலேயே தண்ணீர் நின்ற மட்டத்தைத் தொட்டுவிடும். பயப்பட வேண்டாம். ஆறும்போது மெழுகு சுருங்கித் திரியைச் சுற்றிக் குழி விழும், மிச்சம் 24 கிராமை அப்போது ஊற்றுங்கள். ஊற்றுவதற்கு முன் டம்ளரை நன்றாகத் துடைத்துக் காய வைத்துவிடுங்கள், ஒரு சொட்டு ஈரம் இருந்தாலும் எரியும்போது வெடிக்கும்.

இவ்வளவும் கற்றுக்கொண்ட பிறகு அத்தையின் சொம்பு ஞாபகம் வந்தது. அத்தை வருஷா வருஷம் நவம்பர் 2 கல்லறைத் திருநாளுக்குக் காசிமேடு கல்லறையில் விற்கக் குச்சி மெழுகுவர்த்தி ஊற்றுகிறவர், வாசனை எதுவும் கிடையாது. பழைய பித்தளைச் சொம்பால் மொண்டு "இது அரைக்கிலோ" என்பார், அதற்கு ஒரு கைப்பிடி ஸ்டியரிக். அந்தச் சொம்பு அரை லிட்டரைவிடப் பெரிசு, கண்ணால் பார்த்தாலே தெரியும். அதனால் அத்தை கணக்கு தப்பு என்றே இத்தனை நாள் நினைத்திருந்தேன். போன வாரம் தண்டையார்பேட்டைக்குப் போய்ச் சொம்பில் தண்ணீர் பிடித்து நிறுத்தேன். 640 கிராம். 640-ஐ 0.78-ஆல் பெருக்கினால் 499.

அத்தையிடம் சொன்னேன். "உங்க மாமா அப்பவே மெழுகு ஊத்தி மளிகைக் கடைத் தராசுல வெச்சுப் பாத்துட்டுதான் இத குடுத்தாரு"ன்னு சொல்லிவிட்டுச் சொம்பை வாங்கிக் கவிழ்த்து வைத்தார். அந்த ஒரு கைப்பிடி ஸ்டியரிக்கையும் நிறுத்துப் பார்க்க வேண்டும், அடுத்த தடவை சின்னத் தராசை எடுத்துக்கொண்டு போகிறேன்.