ஒரு ஓ-ரிங்குக்கு ஐந்து நாள்: பழைய ஈ46-இல் கூலிங் சிஸ்டம் மாற்றிய அனுபவம்

சனிக்கிழமை சாயங்காலத்துக்குள் முடிய வேண்டிய வேலை, ஒரு ஓ-ரிங்கால் (கசிவை அடைக்கும் சின்ன ரப்பர் வளையம்) புதன்கிழமை காலை வரை இழுத்துவிட்டது. கார் இப்போது நன்றாக ஓடுகிறது. ஆனாலும் எரிச்சல் அடங்கவில்லை. இதே வேலையில் இறங்கப்போகிறவர்களுக்கு எங்கே இடறும் என்று தெரிந்திருக்கட்டும்.

வண்டி 2003 பிஎம்டபிள்யூ 325ஐ, ஈ46 என்பது இந்தத் தலைமுறைக்குக் கம்பெனி வைத்த குறியீடு. எம்54 ஆறு சிலிண்டர் இன்ஜின், மேனுவல் கியர், 2,14,000 கிலோமீட்டர். இடம் டொரான்டோ, வீட்டு டிரைவ்வே. மாற்றியவை: ரேடியேட்டர், எக்ஸ்பான்ஷன் டாங்க் (சூட்டில் விரியும் கூலன்ட்டுக்கான பிளாஸ்டிக் தொட்டி), அதன் மூடி, வாட்டர் பம்ப், தெர்மோஸ்டாட் (சூட்டைப் பொறுத்துத் திறந்து மூடும் வால்வு), மேல் ஹோஸ், கீழ் ஹோஸ், பெல்ட். மேனுவல் வண்டியில் ரேடியேட்டர் ஃபேன் வாட்டர் பம்ப் மூக்கிலேயே சுற்றும். ஆட்டோமேட்டிக்கில் அது எலெக்ட்ரிக் ஃபேன், டாங்குக்கு அடியில் கியர் ஆயில் சமாச்சாரமும் உண்டு. நான் சொல்வதெல்லாம் மேனுவலுக்கு.

ஒழுகியது டாங்க் மட்டும்தான். இன்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட் இரண்டு வாரத்துக்கு 200 மில்லி குறைந்தது, பானெட்டைத் திறந்தால் இனிப்பு வாடை, டாங்கின் ஒட்டுத் தையல் ஓரமாகக் காய்ந்த நீலப் பொருக்கு. பிறகு ஏன் எல்லாவற்றையும் மாற்ற வேண்டும் என்றால், எல்லா பிளாஸ்டிக்கும் ஒரே வயது. டாங்கை மட்டும் புதிதாகப் போட்டால், அழுத்தம் அடுத்துப் பலவீனமாக இருக்கிற இடத்தைத் தேடிப் போகும். மூடியில் 200 என்று போட்டிருக்கும், அதாவது 2 பார். வயசான பிளாஸ்டிக் கழுத்துக்கு அது சின்ன அழுத்தமில்லை.

டாஷ்போர்டு முள்ளை நம்பிக் காத்திருக்கவும் முடியாது. ஏறத்தாழ 75 டிகிரியிலிருந்து 115 டிகிரி வரை அது நட்ட நடுவிலேயே நிற்கும்படி செய்திருக்கிறார்கள். முள் அசைவதைப் பார்க்கும்போது காரியம் மிஞ்சியிருக்கும். இந்த இன்ஜினின் பிளாக்கும் அலுமினியம். ஒருமுறை நன்றாகக் கொதித்தால் ஹெட் போல்ட் மரை பிளாக்கிலிருந்து பிடுங்கிக்கொள்ளும், அதோடு இன்ஜின் கதை முடிந்த மாதிரி. மீட்டரின் மறைவு மெனுவில் 7-ஆம் டெஸ்ட்டில் உண்மையான கூலன்ட் சூடு டிகிரியில் தெரியும். பூட்டைத் திறக்க வண்டியின் வின் எண்ணின் (சேசிஸ் எண்) கடைசி ஐந்து இலக்கங்களைக் கூட்டி வரும் எண்ணை 19-ஆம் டெஸ்ட்டில் கொடுக்க வேண்டும். வேலைக்கு முன்பே இதைப் பழகிக்கொள்ளுங்கள், கடைசியில் இதுதான் கண்.

முதல் தப்பு நாள் பார்த்ததில். திங்கள்கிழமை கனடாவின் விக்டோரியா தின விடுமுறை, மூன்று நாள் கையில் இருக்கிறது என்று சனிக்கிழமை காலை கழற்ற ஆரம்பித்தேன். எனக்கு விடுமுறை என்றால் பார்ட்ஸ் கடைக்கும் விடுமுறை என்பது அப்போது உறைக்கவில்லை.

இரண்டாவது தப்பு கழற்றும் வரிசையில். பெல்ட் எப்படியும் மாற்றத்தானே போகிறோம் என்று அதை முதலில் எடுத்துவிட்டேன். பிறகு ஃபேனின் 32 மி.மீ. நட்டில் மெல்லிய ஸ்பானரைப் போட்டுத் தள்ளினால் ஃபேன், பம்ப், புல்லி மூன்றும் சேர்ந்து சுற்றுகின்றன. பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லை. பெல்ட் இறுக்கமாக இருந்தால்தான் புல்லி அசையாமல் நிற்கும். புல்லியின் நான்கு 10 மி.மீ. போல்ட்டுக்கும் இதே கதிதான். கழற்றிய பெல்ட்டைத் திரும்ப மாட்டி, அந்த நான்கு போல்ட்டையும் கால் சுற்று தளர்த்திவிட்டு, அப்புறம் ஃபேனுக்கு வந்தேன். அந்த நட்டு இடது மரை. பம்பர் பக்கம் நின்று இன்ஜினைப் பார்த்தால், கடிகாரம் சுற்றும் திசையில் திருப்பினால்தான் கழலும். மெதுவாக அழுத்தினால் பெல்ட் வழுக்கும். ஸ்பானர் நுனியில் சுத்தியலால் ஒரே ஒரு சுருக்கென்ற அடி, நட்டு விட்டுக்கொடுத்துவிடும். ஃபேன் தனியாக மேலே வராது, அதைச் சுற்றியிருக்கும் பிளாஸ்டிக் உறையோடு சேர்த்துத் தூக்க வேண்டும். எடுத்த ஃபேனைப் படுக்கப் போடாமல், வண்டியில் இருந்த மாதிரியே நிறுத்தி வையுங்கள், ஃபேன் கிளட்ச்சுக்குள் இருக்கும் ஆயில் கசியாது.

கூலன்ட் வடிப்பதில் ஒரு விஷயம்தான். வெளியே வருவதை அளந்து வையுங்கள். ரேடியேட்டர் அடியில் இருக்கும் பிளாஸ்டிக் திருகைத் திறந்தால் பாதிக்குக் கொஞ்சம் மேலேதான் வரும். மீதி பிளாக்கில் நிற்கும். அதற்கு எக்ஸாஸ்ட் பக்கம் கீழிருந்து கையை விட்டு 13 மி.மீ. பிளக்கைக் கழற்ற வேண்டும். முழங்கை வரை கூலன்ட் வழியும், கண்ணாடி போடாமல் கீழே படுக்காதீர்கள். எனக்கு மொத்தம் 7.6 லிட்டர் வந்தது. இந்த இன்ஜினின் கொள்ளளவு 8.4 லிட்டர். மீதி ஹீட்டருக்குள் நிற்பதும் ஏற்கெனவே ஒழுகிப்போனதும் என்று கணக்குப் போட்டுக்கொண்டேன். அந்த 7.6-ஐ எழுதி வைத்தது பின்னால் காப்பாற்றியது. பாத்திரத்தை மூடி வையுங்கள். கூலன்ட் இனிக்கும், நாயும் பூனையும் நக்கினால் செத்துப்போகும்.

ஹோஸ்களில் திருகு கிளிப் கிடையாது. கழுத்தைச் சுற்றி ஒரு கம்பி வளையம். தட்டை ஸ்க்ரூடிரைவரால் அதை மேலே நெம்பினால் ஒரு படியில் வந்து நிற்கும், முழுசாக வெளியே எடுக்கத் தேவையில்லை. வளையம் விட்டாலும் ஹோஸ் வராது. உள்ளே இருக்கிற ஓ-ரிங் இருபது வருடமாகப் பிளாஸ்டிக்கோடு ஒட்டிக்கிடக்கிறது. இந்த இடத்தில் நெம்புகோல் போட்டால் கழுத்து உடைந்து கையோடு வரும். ஹோஸை இரண்டு கையாலும் பிடித்து இடமும் வலமுமாகக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருக வேண்டும். ஒட்டு விட்டதும் ஒரு மெல்லிய சத்தம் கேட்கும், அதற்குப் பிறகு இழுத்தால் போதும். எனக்கு மேல் ஹோஸ் இப்படி வந்தது. டாங்கின் பூட்டுத் துண்டு வரவில்லை, ரேடியேட்டர் கொக்கியோடு உடைந்தது. ரேடியேட்டரும் புதுசு வாங்கி வைத்திருந்ததால் பிழைத்தேன். டாங்க் மட்டும் வாங்கிக்கொண்டு இறங்குகிறவர்களுக்கு இது ஒரு எச்சரிக்கை.

தெர்மோஸ்டாட் சுலபம். நான்கு போல்ட், அதில் ஒன்று நீளம், எது எங்கிருந்தது என்று அட்டையில் குத்தி வையுங்கள். ஒரு எலெக்ட்ரிக் கனெக்டரும் உண்டு. இது 97 டிகிரி தெர்மோஸ்டாட், இன்ஜின் கம்ப்யூட்டர் விரும்பினால் உள்ளே இருக்கிற மெழுகைச் சூடாக்கி முன்கூட்டியே திறக்கும். அதனால் மீட்டரில் 96, 98 என்று பார்த்துப் பயப்பட வேண்டாம்.

வாட்டர் பம்ப்பின் நான்கு நட்டையும் எடுத்த பிறகும் அது அசையாது. சுத்தியலைத் தேடாதீர்கள். பம்ப் முகத்தில் எதிரெதிராக இரண்டு மரை துளைகள் இருக்கும், வேலையே பம்ப்பை வெளியே தள்ளுவதுதான். இரண்டு நீளமான எம்6 போல்ட்டை அதில் ஏற்றி, இதில் அரைச் சுற்று, அதில் அரைச் சுற்று என்று மாற்றி மாற்றி இறுக்கினால் பம்ப் நேராக வெளியே வரும். ஒரு பக்கமே இறுக்கினால் கோணிக்கொண்டு சிக்கும். புதுப் பம்ப் உட்காரும் துளையில் இருந்த வெள்ளை அரிப்பை மெல்லிய ஸ்காட்ச்-பிரைட்டால் தேய்த்தேன். பம்ப் நட்டுக்கும் தெர்மோஸ்டாட் போல்ட்டுக்கும் 10 நியூட்டன் மீட்டர்தான். கை மணிக்கட்டால் இறுக்கும் அளவு, பெரிய ராட்செட்டை அந்தப் பக்கமே கொண்டுபோக வேண்டாம். பம்ப்பில் இம்பெல்லர் (கூலன்ட்டைத் தள்ளும் சக்கரம்) உலோகமா பிளாஸ்டிக்கா என்ற சண்டையில் என் ஓட்டு நல்ல கம்பெனி பிளாஸ்டிக்குக்கு. பேரிங் போய் ஆட ஆரம்பித்தால் உலோகம் டைமிங் கவரையே சுரண்டும்.

இதுவரை மணி பதினொன்றரை. இனிமேல்தான் சனி பிடித்தது.

கீழ் ஹோஸின் பிளாஸ்டிக் முழங்கையில் ஒரு டெம்பரேச்சர் சென்சர் சொருகியிருக்கும். புது ஹோஸில் சென்சர் வராது, பழையதைக் கழற்றி மாட்ட வேண்டும். கழற்றினேன். அதன் ஓ-ரிங் தட்டையாகி, கருவாடு மாதிரி விறைத்து, விரல் பட்டதும் இரண்டாகப் பிளந்தது. ஹோஸ் பெட்டியைத் தலைகீழாக உதறிப் பார்த்தேன். ஹோஸ் முனைகளுக்கான ஓ-ரிங் எல்லாம் உள்ளேயே பொருத்தி வந்திருக்கிறது, சென்சருக்கு மட்டும் இல்லை.

பக்கத்துப் பார்ட்ஸ் கடைக்காரர், பல அளவுகள் அடங்கிய ஓ-ரிங் டப்பா ஒன்றைக் கையில் கொடுத்து, இதில் ஏதாவது பொருந்தும் என்றார். பொருந்துகிற மாதிரி ஒன்று இருந்தது. ஆனால் அந்த டப்பாவில் இருந்தது நைட்ரைல் ரப்பர், எண்ணெய்க்கானது. கூலன்ட்டுக்கு இபிடிஎம் வேண்டும். தெரிந்தே ஆசைக்குப் போட்டுப் பார்த்தேன். கைப் பம்ப்பால் அழுத்தம் ஏற்றினால் 0.8 பாரிலேயே சென்சர் ஓரம் கசிந்தது. கம்பெனி டீலரின் பார்ட்ஸ் கவுன்ட்டர் சனிக்கிழமை ஒரு மணிக்கு மூடும். நான் போய்ச் சேர்ந்தது ஒன்று பத்துக்கு. ஞாயிறு விடுமுறை. திங்கள் விக்டோரியா தினம். மூக்கறுந்த கார் மூன்று நாள் டிரைவ்வேயில் நின்றது.

செவ்வாய்க்கிழமை காலை கவுன்ட்டரில் இருந்தவர் வின் எண்ணின் கடைசி ஏழு இலக்கத்தை அடித்துப் பார்த்துவிட்டு, ரிங் தனியாக வராது, சென்சரோடுதான் வாங்க வேண்டும் என்றார். சென்சரும் கையிருப்பில் இல்லை, வர இரண்டு நாள் ஆகுமாம். அவர் பார்த்தது எலெக்ட்ரிகல் படம். ரேடியேட்டர் ஹோஸ் படத்தைத் திறக்கச் சொன்னேன். விருப்பமில்லாமல்தான் திறந்தார். அங்கே அந்த ரிங் தனி எண்ணோடு தனி வரியில் இருந்தது. அலமாரியிலும் இருந்தது. இரண்டு டாலர் சொச்சம். நான் நான்கு வாங்கினேன். பார்ட்ஸ் கவுன்ட்டரில் இல்லை என்று சொன்னால் அடுத்த படத்தைத் திறக்கச் சொல்லுங்கள். ஒரே பொருள் இரண்டு படத்தில் இருக்கும், ஒன்றில் மட்டும் தனியாக விற்பார்கள்.

திரும்ப மாட்டுவது மத்தியானமே முடிந்தது. ஓ-ரிங்குக்கு கிரீஸ் தடவ வேண்டாம், பெட்ரோலிய கிரீஸில் இபிடிஎம் ஊதிப்போகும். கூலன்ட்டையே விரலால் தடவினால் போதும். கம்பி வளையத்தைக் கீழே அழுத்தி வைத்து, டக்கென்று சத்தம் கேட்கும் வரை ஹோஸைத் தள்ளி, பிறகு பின்னால் இழுத்துப் பார்க்க வேண்டும். சத்தம் கேட்டும் ஒரு பக்கம் பிடிக்காமல் இருந்தது ஒன்று, இழுத்ததால்தான் தெரிந்தது. கைப் பம்ப்பால் 1.5 பார் ஏற்றினேன், பம்ப்பின் முள் அசையவில்லை.

நீலக் கூலன்ட், ஜி48 வகை, டிஸ்டில்ட் வாட்டரோடு பாதிக்குப் பாதி. இந்தக் கலவை மைனஸ் 37 டிகிரி வரை உறையாது, இந்த ஊருக்குப் போதும். எல்லா வண்டிக்கும் ஆகும் என்று போட்டிருக்கிற பச்சைக் கூலன்ட்டை இதில் கலக்காதீர்கள்.

கூலன்ட் ஊற்றும்போது உள்ளே சிக்கும் காற்றை எடுப்பதில் அவசரப்பட்டேன். சாவியை இரண்டாம் நிலையில் வைத்து, இன்ஜினை ஓட்டாமல், ஹீட்டர் சூட்டை முழுசாக 32-க்கு ஏற்றி, காற்று வேகத்தை மிகக் குறைவில் விட்டு, மூடிக்குப் பக்கத்தில் இருக்கிற பிளீட் திருகை (காற்று வெளியேறும் திருகு) திறந்து, நூல் மாதிரி மெல்ல ஊற்ற வேண்டும். நான் குடம் கவிழ்த்த மாதிரி ஊற்றினேன். பிளீட் துளையில் குமிழி நின்றது, சரி என்று மூடினேன். உள்ளே போனது 6.1 லிட்டர். வந்தது 7.6. ஒன்றரை லிட்டர் காற்று உள்ளே இருக்கிறது என்று கணக்கு கண்ணெதிரே சொல்கிறது, நான் ஸ்டார்ட் பண்ணினேன். மறைவு மெனுவில் 101, 104, 107. ஹீட்டரில் சூடில்லாத காற்று. 108-இல் நிறுத்திவிட்டேன். டாஷ்போர்டு முள் அப்போதும் நட்ட நடுவில்.

சூடாக இருக்கும்போது மூடியைத் தொடக்கூடாது, முகம் வெந்துவிடும். இரவு முழுக்க ஆறவிட்டு, புதன் காலை முன் சக்கரங்களை ராம்ப்பில் ஏற்றி, ஒரு கைப்பிடிச் சொம்பால் இருபது நிமிடம் ஊற்றினேன். குமிழி நிற்கும், ஒரு நிமிடம் கழித்துத் திரும்ப வரும். மூன்று முறை அப்படி வந்து நான்காம் முறை நின்றது. இன்னும் 1.4 லிட்டர் போனது. பிளீட் திருகை நகம் பதிகிற அளவுக்கு மேல் இறுக்காதீர்கள். பித்தளைத் திருகு வாங்கிப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள், திருகு உடையாது, டாங்கின் பிளாஸ்டிக் மரை போய்விடும். திருகை விட டாங்க் விலை அதிகம்.

இப்போது ஹைவேயில் 96, சிக்னலில் 98, அதற்கு மேல் சூடு ஏறினால் ஃபேன் இழுத்து இறக்கிவிடுகிறது. மறுநாள் குளிர்ந்த பிறகு மூடியைத் திறந்து மிதவைக் குச்சியைப் பார்த்து 150 மில்லி சேர்த்தேன், அதற்குப் பிறகு 600 கிலோமீட்டரில் அசையவில்லை. பழைய கூலன்ட் நகராட்சியின் அபாயக் கழிவு மையத்துக்குப் போனது, அங்கே காசு வாங்குவதில்லை.

ஒன்றை விட்டுவிட்டேன். இன்டேக் மானிஃபோல்டுக்கு அடியில் பிளாக்கில் சொருகியிருக்கும் இரண்டு பிளாஸ்டிக் கூலன்ட் குழாய்கள். அவற்றுக்கும் ஓ-ரிங்தான், அவற்றுக்கும் இதே வயசுதான். நேற்று டார்ச் அடித்துப் பார்த்ததில் ஒன்றின் வாயோரம் நீலமாக ஒரு பொட்டு. துடைத்துவிட்டு வந்திருக்கிறேன், சனிக்கிழமை திரும்பப் பார்க்க வேண்டும். இந்த முறை ரிங் கைக்கு வந்த பிறகுதான் ஸ்பானரை எடுப்பேன்.