முதல் ஜீப்புக்கு மட்டும் ஏன் நேற்றைய தேதி?

கம்பத்தில் உட்கார்ந்து வெப் அப்ளிகேஷன் எழுதிப் பிழைக்கிறேன். கம்பம்மெட்டுக்கு மேலே ஏலத்தோட்டம் வைத்திருக்கும் ஒருவருக்கு வருகைப் பதிவு செய்து கொடுத்திருந்தேன். பழம் எடுக்கப் போகிறவர்கள் ஜீப்பில் ஏறும்போதே கங்காணி அக்கா தன் போனில் பேர் போட்டுவிடுவார். சனிக்கிழமை மாலை கூலிக் கணக்கு தானாக வந்துவிடும்.

போன சீசனில் அக்கா கூப்பிட்டார். "தம்பி, முதல் ஜீப்புல வந்தவுகளுக்கு மட்டும் ஒரு நாள் கூலி கொறையுது. மேல ஏறுனதும் கேரளா டவர் எடுக்குதுல்ல, அதான் தேதிய மாத்துது."

கேரளாவுக்கென்று தனிக் கடிகாரமா என்று சிரித்துவிட்டு, சர்வர் பக்கம் தேடப் போனேன். அங்கே ஓடுவது பிஎச்பி மொழி நிரல் என்பதால், அதை நிறுத்திப் பார்க்க உதவும் எக்ஸ்டீபக் கருவியை எடுத்தேன். பழைய கட்டுரை ஒன்றை நம்பி, அது வந்து இணையும் வாசல் எண் (போர்ட்) 9000 என்று காத்திருந்து ஒரு சாயங்காலமே போனது. எக்ஸ்டீபக்கின் மூன்றாம் பதிப்பிலிருந்து அந்த எண் 9003. இணைந்த பிறகு குறை சொல்ல ஒன்றுமில்லை. ஒவ்வொரு வரியாக நிறுத்தி, எந்த மாறியில் என்ன இருக்கிறது என்று பார்க்கலாம். பார்த்தேன். எல்லாம் சரியாகவே இருந்தது.

அப்புறம் பிரவுசர். ஃபயர்பாக்ஸ் பிரவுசரில் பிழை தேட உதவிய ஃபயர்பக் காலத்து ஆள் நான். 2006-இல் வந்து 2017-இல் விடைபெற்ற அந்த வண்டுப் படத்தின் மேல் இன்னும் பாசம் உண்டு. அதனாலேயே ஃபயர்பாக்ஸிலேயே இருக்கும் பிழை தேடும் கருவிகளான டெவ்டூல்ஸ்தான் முதலில் கைக்கு வரும். நெட்வொர்க் பகுதியில், சர்வருக்குப் போன கோரிக்கையைத் திருத்தி மறுபடி அனுப்பும் வசதிக்காகவே அதை வைத்துக்கொள்ளலாம். நிரலை நிறுத்தி நிறுத்திப் பார்க்கும் வேலைக்குக் குரோமுக்கு அடிப்படையான குரோமியம் பிரவுசர் பக்கம்தான் எனக்கு வேகம். இரண்டிலும் தேதி சரியாகத்தான் போனது. பிழைகளைச் சேகரிக்க கிளிட்ச்டிப் ஓடிக்கொண்டிருந்தது, அதிலும் ஒன்றுமில்லை. தப்பான தேதியும் செல்லுபடியாகும் தேதிதானே, அது எதற்கு அலறும்?

மிட்எம்ப்ராக்ஸியை யோசித்தேன். போனுக்கும் சர்வருக்கும் நடுவில் உட்கார்ந்து போவதையும் வருவதையும் காட்டும் அருமையான கருவி. ஆனால் பூட்டிப் போகும் தகவலை அது படிக்க, போனில் என் சான்றிதழை ஏற்ற வேண்டும். அக்காவின் பணம் அனுப்பும் ஆப் எல்லாம் அதே போனில்தான் இருக்கிறது. அடுத்தவர் போனில் அதைச் செய்ய மனசு வரவில்லை. போனிலுள்ள குரோமை யூஎஸ்பி கேபிளில் லேப்டாப்போடு மாட்டிப் பார்க்கலாம் என்றால், செட்டிங்ஸில் பில்ட் நம்பரை ஏழு தடவை தட்டி டெவலப்பர் வசதியைத் திறந்து, லேப்டாப்பை ஜீப்புக்குள் விரிக்க வேண்டும். பத்துப் பேர் ஏறும் ஜீப்பில் லேப்டாப்புக்கு இடமேது?

மிஞ்சியது எரூடா. பக்கத்தில் ஒரு ஸ்கிரிப்டைச் சேர்த்தால் போன் திரையின் மூலையில் சின்னப் பொத்தான் வரும். தொட்டால், கட்டளை கொடுத்துப் பார்க்கும் கன்சோலும் நெட்வொர்க்கும் அங்கேயே விரியும். வீகன்சோலும் இதே ஜாதிதான். வரிக்கு வரி நிறுத்திப் பார்க்க முடியாது, அந்த வகையில் ஏழைக் கருவி. முகவரியில் ஒரு குறிச்சொல் இருந்தால் மட்டும் ஏறும்படி வைத்துவிட்டு, காலை ஐந்து மணிக்கு ஜீப் ஸ்டாண்டுக்குப் போனேன். டீ சொல்லிவிட்டு அக்காவின் போனை வாங்கினேன்.

மணி 5:10. கன்சோலில் நேரம் கேட்டால் 5:10 என்றது. நெட்வொர்க்கில் போன தேதியோ நேற்றைய தேதி. என் நிரலில் தேதியை எடுத்த வரியில், தேதியை எழுத்தாக மாற்றித் தரும் டுஐஎஸ்ஓஸ்ட்ரிங் (toISOString) இருந்தது. அது உள்ளூர் நேரத்தைத் தராது, நமக்கு ஐந்தரை மணி நேரம் பின்னால் ஓடும் உலகப் பொது நேரமான யூடிசி நேரத்தைத் தரும். நமக்கு 5:10 என்றால் அங்கே முந்தின நாள் இரவு 23:40. முதல் ஜீப் 5:15-க்குக் கிளம்பும், இரண்டாவது 5:45-க்கு. நடுவில், யூடிசியில் நாள் மாறும் அந்த ஐந்தரை மணி. திங்கள்கிழமை பதிவு ஞாயிறில் விழ, ஞாயிறு விடுமுறையென்று கணக்கு அதை விட்டுவிட்டது. நான் சோதித்ததெல்லாம் பகல் பதினொரு மணிக்கு.

வீட்டுக்கு வந்ததும் குரோமியத்தின் சென்சார்ஸ் பகுதியில் இடத்தை சான்பிரான்சிஸ்கோ என்று மாற்றிப் பார்த்தேன்; இடத்தோடு பிரவுசரின் உள்ளூர் நேரமும் மாறும். பட்டப்பகலிலேயே குட்டு உடைந்தது, இந்தத் தடவை தேதி ஒரு நாள் முன்னால் ஓடியது. இது முன்பே தெரிந்திருந்தால் தூக்கமாவது மிஞ்சியிருக்கும்.

சர்வர் நேரத்தையே எடுத்துக்கொள்ளலாமே என்று கேட்பீர்கள். மலையேறும்போது சிக்னல் போய்விடும். பதிவு போனிலேயே காத்திருந்து பிறகுதான் வந்து சேரும். அதனால் ஆண்டு, மாதம், நாள் மூன்றையும் போனின் உள்ளூர் நேரத்திலிருந்தே தனித்தனியாக எடுத்துக் கோத்தேன். விடுபட்ட கூலியை அடுத்த சனிக்கிழமை சேர்த்துக் கொடுத்தார்கள்.

அன்று அக்கா கேட்டார், "டவர சரி பண்ணிட்டியா தம்பி?"

"பண்ணியாச்சுக்கா" என்றேன்.