"வேணும்னே வச்சதாண்ணா?"

அன்று இரவு, ஸ்டுடியோவில் என்னோடு வேலை செய்யும் தம்பி என்னிடம் கேட்டது ஒரே ஒரு கேள்விதான். என் மடிக்கணினியிலிருந்து ஸ்டுடியோ கணினிக்கு மாற்றிய, என் சொந்த இசைத்துண்டின் செஷனைத் திறந்து ஒவ்வொரு ட்ராக்காகப் பார்த்துக்கொண்டே வந்தவன், "எட்டு ட்ராக்லயும் ட்யூனிங் ப்ளஸ் 35 இருக்கு, வேணும்னே வச்சதாண்ணா?" என்றான். நான் திரையைப் பார்க்காமலேயே, "இல்ல, தப்பா இருக்கு, இறக்கிடு" என்றேன். எட்டையும் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்த பிறகு ஒன்பதாவது ட்ராக்கில் அவன் கை நின்றது. "அப்ப இந்த கிரைண்டர் சத்தத்த மைனஸ் 35 போட்டுடவா?" என்று கேட்டான். "போட்டுடு" என்றேன். எல்லாம் முடிய ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. ஏழு மாதங்கள் கழிந்த பிறகும் அந்த ஒரு நிமிடத்தை நான் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

வேண்டுமென்றே வைத்ததுதான். எட்டு ட்ராக்குகளில் ஒரே எண் தவறுதலாக வந்து உட்காராது என்பது, இந்த வேலைக்கு வந்து ஒரு வாரம் ஆனவருக்குக்கூடத் தெரியும். கிரைண்டரை மட்டும் எதிர்த்திசையில் இறக்க வேண்டும் என்று தானாகவே புரிந்துகொண்டவனுக்கு, எது எதற்காக ஏற்றப்பட்டது என்பதும் அந்தக் கணமே புரிந்திருக்கும். நான் பொய் சொல்கிறேன் என்று தெரிந்தே அவன் அதன்படி நடந்தான். என்னை உறுத்துவதில் பாதி இதுதான்.

சனிக்கிழமை மாலைகளில் எங்கள் வீட்டில் அம்மா மாவு அரைப்பார். நம் ஊர் மின்சாரம் விநாடிக்கு 50 முறை முன்னும் பின்னும் போய்வருவது. மோட்டாரின் காந்தப்புலம் அதைப் போல் இரு மடங்காக அதிர்வதால், கிரைண்டரின் அடியில் எப்போதும் 100 ஹெர்ட்ஸில் ஒரு முனகல் இருக்கும். கீபோர்டில் அதற்கு மிக அருகில் உள்ள சுரம் 98 ஹெர்ட்ஸ், அதாவது நம் கணக்கில் ஐந்து கட்டை. இரண்டுக்கும் இடைவெளி சரியாக 35 சென்ட், ஏறத்தாழ அரைச்சுரத்தில் மூன்றில் ஒரு பங்கு. ஃப்ரிட்ஜும் சோக் வைத்த பழைய ட்யூப்லைட்டும் முனகுவது இதே சுருதியில்தான். நாம் அனைவரும் ஐந்து கட்டைக்குச் சற்று மேலே சுருதி கூட்டப்பட்ட வீடுகளில்தான் வாழ்கிறோம் என்று எனக்குத் தோன்றிய மாலையில்தான் அந்த இசைத்துண்டு தொடங்கியது. 60 ஹெர்ட்ஸ் மின்சாரம் ஓடும் அமெரிக்காவில் இந்த முனகல் 120இல் இருக்கும். அது வேறு சுரங்களுக்கு நடுவே போய் விழும். ஆகவே இந்தச் சுருதியில் ஓர் ஊர்த்தன்மை இருக்கிறது என்று நம்பினேன், இன்றும் நம்புகிறேன்.

இப்படிப்பட்ட ஒலியைப் பதிவுசெய்தால் அதைக் கீபோர்டின் சுருதிக்கு இறக்கிக்கொள்வதே வழக்கம். நான் கிரைண்டரை அப்படியே விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் அதன் உயரத்துக்கு ஏற்றினேன். அந்த ஒரு முடிவு எனக்கு அதுவரை கிடைக்காத ஓர் உற்சாகத்தைத் தந்தது. அதன் காரணம் வெகு நாட்கள் கழித்தே விளங்கியது. பகல் முழுவதும் மற்றவர்களின் பாடல்களுக்கு ப்ரோக்ராமிங் செய்துவிட்டு, இரவு 11 மணிக்கு மேல் சொந்த வேலைக்கு உட்காரும்போது, கை பகலில் போன இடங்களுக்கே போகும். அதே டெம்ப்ளேட், அதே கிக், அதே பேட் ப்ரீசெட், அதே எட்டு பார் லூப். சலிப்பு மனத்தில் இருப்பதாக நாம் நினைக்கிறோம். பெரும்பாலும் அது விரல்களில் இருக்கிறது. சுருதியை 35 சென்ட் ஏற்றியதும், பகலில் நான் பயன்படுத்தும் ரெடிமேட் லூப்களிலும் சாம்பிள்களிலும் சுரம் உள்ள ஒன்றுகூட அதற்குள் வந்து பொருந்தவில்லை. எல்லாமே 440 ஹெர்ட்ஸ் என்ற பொது அளவுக்குச் சுருதி கூட்டப்பட்டவை. ஆகவே ஒவ்வொரு ஒலியையும் அடியிலிருந்து நானே உருவாக்க வேண்டியிருந்தது. பகல் வேலை உள்ளே வர முடியாதபடி சாத்திய கதவாக அந்த எண் இருந்தது.

பிறகு அந்த இரவு வந்தது. ஒரு பெயிண்ட் விளம்பரத்துக்குக் கொடுத்த இரண்டு ட்ராக்குகளையும் ஏஜென்சி மறுத்துவிட்டது. வீட்டுக்குள் இருப்பது போன்ற ஓர் உணர்வு வேண்டும், காலை எட்டு மணிக்குப் புல்லாங்குழல் பதிவு, நீளம் 30 விநாடி. சார் என்னைப் பார்த்து, "உன்கிட்ட ஏதாவது கிடக்கா?" என்று கேட்டார். என் மூளை அந்நேரம் கணக்குப் போட்டது: என்னுடைய துண்டு 96 டெம்ப்போ, அதாவது நிமிடத்துக்கு 96 அடி, நான்கு அடி கொண்ட ஒரு பாருக்கு 2.5 விநாடி, 12 பார் போட்டால் மிகச் சரியாக 30 விநாடி. "இருக்கு சார்" என்று சொல்லிவிட்டேன். அவர் வற்புறுத்தவில்லை. வீட்டில், என் சொந்த மடிக்கணினியில், என் நேரத்தில் செய்தது அது. நானாகக் கொடுக்காத வரை யாருக்கும் அதில் உரிமையில்லை. கொடுத்தவன் நான்.

சுருதியை இறக்கியது தொழில்முறையில் சரியான முடிவு என்பதையும் இங்கே பதிவுசெய்ய வேண்டும். மூங்கிலில் போட்ட துளைகள் போட்டவைதான். ஊதும் கோணத்தை மாற்றிக் கொஞ்சம் ஏற்றலாம், இறக்கலாம் என்றாலும், 12 பார் முழுவதும் 35 சென்ட் மேலே நிற்கச் சொல்லி ஒரு கலைஞரைக் காலை எட்டு மணிக்குக் கேட்பது முறையல்ல. அன்று என் இடத்தில் யார் இருந்தாலும் இறக்கத்தான் சொல்லியிருப்பார்கள். அப்படியானால் "வேணும்னே வச்சதுதான்டா, ஆனா காலைல ஃப்ளூட் இருக்கு, இறக்கிடு" என்று சொல்ல எனக்கு எது தடையாக இருந்தது? கூடுதலாக இரண்டு விநாடி பிடித்திருக்கும். ஏன் வைத்தீர்கள் என்று அவன் கேட்டிருப்பான். கிரைண்டரைப் பற்றியும் அம்மாவைப் பற்றியும் நான் சொல்ல வேண்டியிருந்திருக்கும். அதைச் சொல்லியிருந்தால் என்னால் அதைக் கொடுத்திருக்க முடியாது. தவறு என்று பெயர் வைத்த பிறகுதான் அதைக் கைவிடுவது எளிதாயிற்று.

இந்த விளக்கத்தோடு நிறுத்திக்கொண்டால் நான் தியாகி போலத் தெரிவேன். உண்மை அவ்வளவு சுத்தமானதில்லை. அந்த இரவுக்கு முந்தைய ஆறேழு வாரங்களாக அந்தத் துண்டு என்னை எங்கும் நகர்த்தவில்லை. 14 மாதங்களில் 43 வெர்ஷன் சேமித்திருந்தேன். ஒரே 16 பாரை நூற்றுக்கணக்கான முறை கேட்ட காதுக்கு அது இசையாகக் கேட்காது. அடுத்து என்ன வரும் என்ற எதிர்பார்ப்பு மட்டுமே கேட்கும். அதோடு, வீட்டில் எல்லோரும் தூங்கிய பிறகு மிகக் குறைந்த சத்தத்தில் வேலை செய்பவன் நான். சத்தம் குறையக் குறைய நம் காதுக்குத் தாழ்ந்த சுரங்கள் அதிகமாகக் குறைந்து கேட்கும் என்பதை ஃப்ளெட்சர், மன்சன் என்ற ஆய்வாளர்கள் 1933ஆம் ஆண்டிலேயே அளந்து காட்டிவிட்டார்கள். அதைப் படித்திருந்தும், ஒவ்வோர் இரவும் பேஸைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கொண்டே போனேன். ஸ்டுடியோ ஸ்பீக்கரில் முதன்முறையாக அதைப் போட்டபோது அடிப்பகுதி வீங்கிக் கிடந்தது. சார் அதைப் பத்து நிமிடத்தில் சரிசெய்தார். அவ்வளவு நாள் ஒரே இடத்தில் நின்றிருந்த என் இசை, இன்னொருவர் கை பட்டதும் நடக்கத் தொடங்கியதைப் பார்த்தேன். வேறு யாராவது அதை முடித்துக் கொடுத்தால் போதும் என்ற ஆசையும் அன்று "இருக்கு சார்" என்ற என் பதிலுக்குள் இருந்தது.

அதற்குப் பிறகு ஐந்து மாதம் அந்த ஃபோல்டரை நான் திறக்கவே இல்லை. உற்சாகத்தைத் தக்கவைத்துக்கொள்ள நம் துறையில் சொல்லும் வழிகளையெல்லாம் வரிசையாகச் செய்து பார்த்தேன். தினமும் 20 நிமிடம் கட்டாயம் உட்கார்ந்தேன். திரையை அணைத்துவிட்டுக் கேட்டேன். பவுன்ஸ் செய்து, அதாவது ஒரே ஆடியோ கோப்பாக்கி, பேருந்தில் கேட்டேன். திரும்பிப் போய் மாற்ற முடியாதபடி எல்லாவற்றையும் ஆடியோவாக மாற்றிவிட்டு, சுரங்களைத் திருத்த உதவும் மிடி குறிப்புகளை அழித்தேன். இவை பயனற்றவை என்று சொல்ல மாட்டேன். ஐந்து மாதத்தில் 11 சிறு துண்டுகளை முடித்தேன். என் வாழ்நாளில் அவ்வளவு வேகமாக நான் எதையும் முடித்ததில்லை.

அந்த நாட்களில் சரண்ஜித் சிங்கை அடிக்கடி நினைத்துக்கொள்வேன். பம்பாய்த் திரையிசையில் மற்றவர்களுக்காக வாசித்துக்கொண்டிருந்தவர் அவர். 1982ஆம் ஆண்டில், ரோலண்ட் நிறுவனத்தின் ஜூபிடர் 8, டிபி 303, டிஆர் 808 ஆகிய மூன்று மின்னணுக் கருவிகளை வைத்துப் பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் அமைத்து ஓர் இசைத்தட்டைப் பதிவுசெய்தார். அப்போது அதைப் பெரிதாக யாரும் கவனிக்கவில்லை. 2010இல் மறுவெளியீடு வந்த பிறகுதான், ஆசிட் ஹவுஸ் என்ற நடன இசை வகை பிறப்பதற்குச் சில ஆண்டுகள் முன்பே ஏறத்தாழ அதே ஒலியை ஒருவர் பம்பாயில் எழுப்பியிருக்கிறார் என்று உலகம் வியந்தது. அந்த மூன்று கருவிகளும் ப்ளக்இன்களாக, அதாவது மென்பொருள் வடிவில், என் மடிக்கணினியில் இருக்கின்றன. ஒரு துண்டுக்கு மூன்று ஒலிகளுக்கு மேல் கூடாது என்ற விதியை அவரிடமிருந்தே எடுத்துக்கொண்டேன். விதி வேலை செய்தது, துண்டுகள் பிறந்தன, ஒன்றுகூட என்னைத் தூங்கவிடாமல் செய்யவில்லை. பதினொன்றும் 440இல் இருந்தன என்பதைப் பிறகுதான் கவனித்தேன். நான் முடிவெடுத்துச் செய்தது இல்லை அது. டெம்ப்ளேட் அப்படித் திறந்தது, நானும் அப்படியே விட்டிருக்கிறேன்.

இதற்கிடையில் ஒரு மாலை, டீக்கடை டிவியில் அந்த விளம்பரம் வந்தது. அதற்கு முன் மிக்ஸில்தான் கேட்டிருந்தேன். புல்லாங்குழல் மேலே மிதக்க, கீழே என் பேஸும், இறக்கப்பட்ட கிரைண்டரும். நன்றாக இருந்தது. இதை எழுதும்போது கை தயங்குகிறது என்றாலும் எழுதித்தான் ஆக வேண்டும்: மிகவும் நன்றாக இருந்தது, 14 மாதங்களில் நான் ஒருமுறைகூடக் கேட்டிராத புத்துணர்ச்சியோடு இருந்தது. அந்த 35 சென்ட் இல்லாததை அங்கிருந்த யாரும் உணரவில்லை. பக்கத்தில் ஒப்பிட்டுப் பார்க்க வேறொரு சுருதி இல்லாதபோது பெரும்பாலானோரால் உணர முடியாது. உண்மையைச் சொன்னால் எனக்கும் அந்த நேரத்தில் உறுத்தவில்லை. அப்படியானால் அது எனக்குத் தேவையாக இருந்தது எதற்கு? வேலைக்கு உட்காரும் மனநிலைக்காக நானே கட்டிக்கொண்ட ஒரு நம்பிக்கை மட்டும்தானா? கட்டிடம் எழுந்தபின் சாரத்தைப் பிரிப்பது போல அதைப் பிரித்ததில் தவறில்லையோ என்று சில நாட்கள் என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டேன். அந்தச் சமாதானம் அடுத்த சனிக்கிழமை வரைதான் தாங்கியது.

கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது. ஏதோ ஒரு வேகத்தில் மடிக்கணினியைச் சமையலறைக்கே எடுத்துப் போய், விளம்பரத்தின் பேஸ் ட்ராக்கை மட்டும் அதன் பக்கத்தில் ஓடவிட்டேன். இது 98, அது 100. இரண்டு சுருதிகள் அவ்வளவு நெருக்கமாக நின்றால், வித்தியாசம் எத்தனையோ அத்தனை முறை விநாடிக்கு ஒலி உப்பி அடங்கும். சமையலறை முழுவதும் விநாடிக்கு இரண்டு முறை ஒரு துடிப்பு எழுந்தது. "என்னடா அது, கிரைண்டர் கோளாறாயிடுச்சா?" என்று அம்மா பயந்துபோய்ச் சுவிட்சை அணைத்தார். ஒன்றும் ஆகவில்லை என்று சொல்லி மறுபடி போடச் சொன்னேன்.

விநாடிக்கு இரண்டு துடிப்பு என்றால் டெம்ப்போ 120. டிரம் எதையும் வைக்காமல், இறக்கிய சுருதியும் இறக்காத சுருதியும் மோதுகிற அந்தத் துடிப்பை மட்டுமே தாளமாக வைத்து ஒரு துண்டு தொடங்கியிருக்கிறேன். மின்தொகுப்பில் சுமை ஏறும்போது 50 ஹெர்ட்ஸ் என்பது இம்மியளவு இறங்கும். அப்போது துடிப்பும் சற்றுத் தளர்ந்து பின் பழைய நிலைக்கு வருகிறது. அதைத் திரையில் உள்ள தாளக் கட்டங்களில் வைத்து நேராக்கத் தோன்றவில்லை. இரவு 11 மணிக்கு உட்கார்ந்தால் நேரம் போவது தெரியவில்லை. ஆனால் முந்தையதன் முதல் மாதங்களும் இப்படித்தான் இருந்தன. ஆறாவது மாதம் எப்படி இருக்கும் என்று என்னால் சொல்ல முடியாது. அன்று இறக்கியிராவிட்டால் இது பிறந்திருக்காது என்ற எண்ணம் வரும்போதெல்லாம், அந்தப் பொய்க்கு நான் நியாயம் தேடுகிறேனோ என்ற சந்தேகமும் கூடவே வருகிறது.

அந்தத் தம்பியிடம் இன்னும் பேசவில்லை. தினமும் பக்கத்து நாற்காலியில்தான் உட்கார்ந்திருக்கிறான். இரண்டு முறை பேச்சைத் தொடங்கப் பார்த்து, மிக்ஸ் பற்றி ஏதோ கேட்டுவிட்டு விட்டுவிட்டேன். புதிய செஷனில் இரண்டு பேஸ் ட்ராக்குகள் இருக்கின்றன, ஒன்று பூஜ்யத்தில், மற்றொன்று கிரைண்டரோடு சேர்ந்து மேலே. இரண்டாவதின் பெயரை "ப்ளஸ் 35, வேணும்னே வச்சது" என்று மாற்றியிருக்கிறேன். பேஸ் மறுபடி வீங்கியிருக்கிறதா என்று பார்க்க, வரும் வாரம் அதை ஸ்டுடியோ ஸ்பீக்கரில் போட வேண்டும். செஷனைத் திறக்கப்போவது அவன்தான்.