முட்டிடிச்சான் பாறையில் ஒரு முறையீடு

களியக்காவிளையில் குடியிருக்கும் நான், எல்லைக்கு அப்பால் கேரளப் பகுதியில் உள்ள ஒரு தனியார் நிதி நிறுவனத்தில் பதினொரு ஆண்டுகளாகக் கணக்கு எழுதி வருகிறேன். சென்ற மழைக்காலத்தில் ஒருநாள் மாலை, பெட்டியில் இருந்த பணத்துக்கும் ஏட்டில் இருந்த கணக்குக்கும் பெருந்தொகை வித்தியாசம் வந்தது. பெட்டிச் சாவி இருவரிடம் மட்டுமே இருந்தது: ஒருத்தி நான், மற்றவள் என்னைவிடப் பத்து வயது இளையவள். அன்றிலிருந்து வாரந்தோறும் எங்களைத் தனித்தனியே ஒரு சிறிய அறைக்கு அழைத்து, கேட்ட கேள்விகளையே திரும்பத் திரும்பக் கேட்டார்கள். நான் எடுக்கவில்லை என்பது எனக்குத் தெரியும்; ஆகவே அவள்தான் எடுத்திருப்பாள் என்று என் மனம் தீர்ப்பு எழுதிவிட்டது. எதிர் மேசையிலேயே அவள் அமர்ந்திருந்தும் ஐந்து வாரங்கள் அவள் முகத்தை நான் ஏறிட்டுப் பார்க்கவில்லை.

விடியற்காலை மூன்று மணிக்கு விழிப்பு வந்துவிடும். நெஞ்சின்மேல் அம்மிக்கல்லை ஏற்றி வைத்தாற்போல இருக்கும். செபமாலையை எடுத்தால் முதல் பத்து மணிகளைக் கடப்பதற்குள் அந்த அறையும் அந்தக் கேள்விகளும் வந்து நின்றுகொள்ளும். மருத்துவரைப் பார்த்தேன், அவர் தந்த மாத்திரை உறக்கத்துக்கு உதவியது, அதை இன்றும் முறையாக எடுத்துக்கொள்கிறேன். என்னை அதிகம் வருத்தியது, "விசுவாசம் இருக்கிறவளுக்கு எதற்கு இத்தனை கவலை?" என்று நெருங்கிய உறவினர் ஒருவர் கேட்ட கேள்விதான். அதற்குப் பிறகு, அழுவதற்கே இறைவனிடம் மன்னிப்புக் கேட்கும் நிலைக்கு வந்திருந்தேன். அப்படிப்பட்ட ஒரு சனிக்கிழமை காலையில்தான், புனித தேவசகாயத்தின் தடங்களை ஒருமுறை முழுவதுமாகப் பார்த்துவிட வேண்டும் என்று மார்த்தாண்டம் பேருந்தில் ஏறினேன்.

முதலில் நட்டாலம். 1712-ஆம் ஆண்டு ஏப்ரல் 23 அன்று நீலகண்டபிள்ளையாக அவர் பிறந்த ஊர் இது. திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் ஆட்சியில் பத்மநாபபுரம் அரண்மனையில் பணியாற்றிய, வசதியும் மதிப்பும் உள்ள குடும்பத்தவர். 2022 மே 15 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தபோது, இந்தியப் பொதுநிலையினரில், அதாவது குருவாகவோ துறவியாகவோ இல்லாதவர்களில், முதல் புனிதர் எங்கள் மாவட்டத்துக்காரர் என்று தெருத்தெருவாக இனிப்பு வழங்கினோம். அந்த மகிழ்ச்சியில், அவர் இறைவனைத் தேடத் தொடங்கியதே ஒரு பெரிய மனவருத்தத்தின் நடுவில்தான் என்பதை நான் எண்ணிப் பார்த்ததில்லை. கால்நடைகள் மடிந்தன, உடைமைகள் அழிந்தன, இழப்புக்குமேல் இழப்பு வந்து முகம் வாடிய நிலையில்தான் அவர் அரண்மனைக்கும் கோட்டைக்கும் நடந்துகொண்டிருந்தார்.

அந்த வாட்டத்தைக் கண்டு காரணம் கேட்டவர் டிலனாய். டச்சுப் படையின் தளபதியாக வந்து, 1741-இல் குளச்சல் போரில் தோற்றுச் சிறைப்பட்டு, பிறகு அதே மன்னரின் படைக்குப் பயிற்சி அளித்தவர். அவர் நீலகண்டபிள்ளைக்கு, எல்லாவற்றையும் இழந்த ஒரு நல்லவரின் கதையான விவிலியத்தின் யோபு நூலை எடுத்துச் சொன்னார். தன் மண்ணையும் மக்களையும் இழந்து அயல்நாட்டில் கைதியாக நின்ற ஒருவர், இழப்பில் கலங்கி நின்ற இன்னொருவருக்கு யோபுவின் கதையைச் சொன்னார் என்பதை நினைக்கும்போதெல்லாம் என் உடல் சிலிர்க்கிறது. கரையில் நின்று அறிவுரை சொல்வதற்கு டிலனாய்க்குக் கரை எங்கே இருந்தது?

புலியூர்க்குறிச்சியில் இறங்கினால் டிலனாயின் கல்லறை இருக்கும் உதயகிரிக் கோட்டையும், முட்டிடிச்சான் பாறையும் அருகருகே இருக்கின்றன. நான் முதலில் பாறைக்குச் சென்றேன். நீலகண்டபிள்ளை திருமுழுக்குப் பெற்றுக் கிறிஸ்தவராகி, தேவசகாயம் என்ற பெயரை ஏற்று நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு, 1749-இல் கைது செய்யப்பட்டார். எருமையின்மேல் பின்புறம் பார்த்து உட்காரவைக்கப்பட்டு ஊர் ஊராக இழுத்துச் செல்லப்பட்டார். அடிபட்ட காயங்களில் மிளகாய்ப்பொடி பூசப்பட்டது. அப்படி வந்த வழியில் தாகம் பொறுக்காமல் இறைவனை வேண்டி, முழங்கையால் இந்தப் பாறையை இடித்தபோது நீர் சுரந்தது என்பது எங்கள் வாய்மொழி மரபு. பாறையில் உள்ள குழி சிறியதுதான். குனிந்து பார்த்தால் உள்ளே நீர் கறுத்துத் தெரியும். விரலை விட்டால் வெயில் நேரத்திலும் சில்லென்றிருக்கும்.

எனக்கு முன்னால் ஒரு மூதாட்டி நீரைச் சிறு குப்பியில் சேர்த்துக்கொண்டிருந்தார். நிரம்பியும் எழுந்துகொள்ளவில்லை. பாறையில் கையை ஊன்றியபடி, எதிரில் ஆள் இருப்பதுபோல உரத்த குரலில் பேசிக்கொண்டிருந்தார்; அது செபத்தின் குரலாக எனக்குத் தோன்றவில்லை, கடன் கொடுத்தவர் வாசலில் நின்று கேட்கிற குரலாக இருந்தது. என்னைக் கண்டதும், "பயந்துட்டியா மக்ளே? நான் இஞ்ச வந்தா அவருகிட்ட சண்டைதான் போடுவேன். வெசனத்த வேற யாருகிட்ட கொண்டு கொட்ட?" என்றார். "திட்டினா தப்பில்லையா பாட்டி?" என்று கேட்டேன். "கேக்க ஆளு இருக்குன்னு நம்பித்தானே மக்ளே திட்டுதேன்" என்று சொல்லி, குப்பியை முந்தானையில் முடிந்துகொண்டு போய்விட்டார்.

நான் அங்கேயே அமர்ந்து யோபு நூலைத் திறந்தேன். பொறுமைக்கு யோபு என்றுதான் சிறுவயது முதல் கேட்டிருக்கிறோம். ஆனால் மூன்றாம் அதிகாரத்திலேயே அவர் தாம் பிறந்த நாளைச் சபிக்கிறார், தொடர்ந்து பக்கம் பக்கமாக இறைவனிடம் வழக்காடுகிறார். அவருடைய நண்பர்கள் ஏழு பகலும் ஏழு இரவும் தரையில் அவருடன் பேசாமல் அமர்ந்திருந்த வரையில் நண்பர்களாக இருந்தார்கள். வாய் திறந்து காரணம் சொல்லத் தொடங்கியதும் சுமையாகிவிட்டார்கள். கடைசி அதிகாரத்தில் இறைவன் சினம்கொள்வது முறையிட்ட யோபுவின்மேல் அன்று, தமக்காகப் பரிந்து பேசிய அந்த நண்பர்களின்மேல். தம்மைக் குறித்துச் சரியாகப் பேசியவர் யோபு என்றே சொல்கிறார். இத்தனை ஆண்டுகளாகக் கோவிலில் கேட்ட இந்தப் பகுதி, அன்று அந்தப் பாறையின்மேல்தான் எனக்குள் இறங்கியது. அமைதியாக இருப்பவர்களின் செபம் மட்டுமே செபம் என்றால், விவிலியத்தின் திருப்பாடல்களில் பாதியைக் கிழித்தெறிய வேண்டியிருக்கும். 88-ஆம் திருப்பாடல் ஆறுதல் ஒன்றும் இல்லாமல் இருளிலேயே முடிகிறது. அதையும் திருச்சபை செபமாகவே வைத்திருக்கிறது. கெத்சமனித் தோட்டத்தில் ஆண்டவர் இயேசுவே, தம் உள்ளம் சாவு வருமளவுக்குத் துயருற்றிருப்பதாகச் சீடர்களிடம் மறைக்காமல் சொன்னார்.

நானும் பேசினேன். அலுவலகத்து அறையின் பெயரைச் சொல்லி, கேள்வி கேட்டவர்களின் பெயரைச் சொல்லி, என் அவமானத்தைச் சொல்லி, "நீர் எங்கே இருந்தீர்?" என்று கேட்டேன். பதில் எதுவும் வரவில்லை. ஆனால் பேச்சின் நடுவில் அந்த இளையவளின் பெயரும் என் வாயில் வந்தது. அதற்குமேல் என்ன சொல்வதென்று தெரியாமல் நின்றுவிட்டேன்.

உதயகிரிக் கோட்டைக்குள் டிலனாயின் கல்லறை, கூரையிழந்த பழைய ஆலயச் சுவர்களுக்குள் இருக்கிறது. கல்லில் இலத்தீனும் தமிழும் பொறித்திருக்கிறார்கள். மனைவியும் மகனும் அருகிலேயே துயில்கிறார்கள். 1777-இல் இங்கேயே இறந்தவர். தமிழ் எழுத்துகளை விரலால் தடவிக்கொண்டு நெடுநேரம் நின்றேன். தன் துயரத்தைக் காரணம் காட்டி, வாடிய முகத்தோடு வந்த நீலகண்டபிள்ளையைக் கவனிக்காமல் இவர் ஒதுங்கியிருக்கலாம். நான் ஐந்து வாரங்களாகச் செய்தது அதுவே.

கோட்டாறு சவேரியார் பேராலயத்தில் புனிதரின் கல்லறையில் முழந்தாளிட்டுவிட்டு, பிற்பகலில் ஆரல்வாய்மொழிக்கு அருகே காற்றாடிமலையில் ஏறினேன். 1752 சனவரி 14 அன்று அவர் சுடப்பட்டு உயிர்நீத்த இடம். கணவாய்க் காற்று சேலையைப் பிடித்து இழுக்க, கீழே காற்றாலைகள் சுழன்றுகொண்டிருந்தன. பார்வையற்ற பார்த்திமேயு கூவிய வார்த்தைகளையே, "இயேசுவே, தாவீதின் மகனே, எனக்கு இரங்கும்" என்று மூச்சுக்கு மூச்சு சொல்லிக்கொண்டு படியேறினேன். நெஞ்சின் கல் முற்றிலும் இறங்கியது என்று சொன்னால் பொய்யாகும். ஆனால் அந்த மூச்சுச் செபத்தைத்தான் இப்போது மூன்று மணி விழிப்பிலும் சொல்கிறேன்.

திரும்பும் பேருந்தில் சன்னலோர இருக்கை கிடைத்தது. தக்கலை தாண்டியதும் அவளை அழைத்தேன். "அக்கா" என்றதற்குமேல் அவளால் பேச முடியவில்லை; மறுமுனையில் அழுகை மட்டும் வந்துகொண்டிருந்தது. நீ எடுத்தாயா என்று நான் கேட்கவில்லை, தைரியமாக இரு என்றும் சொல்லவில்லை. மார்த்தாண்டத்தில் கூட்டம் ஏறி, பேருந்து மறுபடி புறப்பட்டு, குழித்துறைப் பாலத்தைக் கடக்கும் வரையிலும் தொலைபேசியைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு, அவள் அழுவதைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.